தலைக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார்களுக்கான கல்வி வகுப்பில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இன்றைய வகுப்பின் பொருள் யாழ்ப்பாணத்துத் தண்ணீர். சம்பளத்தைப் பற்றியும் கிலோவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பேச வேண்டிய இடத்தில் யாழ்ப்பாணத்துக் கிணறு எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "சனம் கூடிப் போச்சு, அதனால்தான் தண்ணீர் இல்லை, காணி இல்லை, காடு இல்லை" என்ற பேச்சு நாடெங்கும் கேட்கிறது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதை யாழ்ப்பாணக் குடாநாடு நமக்குக் கண்ணாடி போலக் காட்டுகிறது.

அந்தப் பேச்சு மலையகத்துக்குப் புதிதல்ல. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் பாட்டன் பாட்டிமார் நாட்டுக்கு வேண்டாத கூட்டம் ஆக்கப்பட்டார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது 9,75,000 பேர் ஒரு தாளில் எழுதப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். 1974 இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 படி பிரித்துக்கொண்டார்கள். எந்தத் தோட்டத்து லயத்திலும் போய் ஒருவரிடமும் கேட்கவில்லை. இந்த நாட்டில் தலைக் கணக்கு எப்படிப் போடப்படும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, சனத்தொகையும் சுற்றாடலும் பற்றி யார் பேசினாலும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாருடைய தலையை எண்ணுகிறார்கள் என்று திருப்பிக் கேட்கவும் வேண்டும்.

இனிக் குடாநாட்டுக்குப் போவோம்.

நம்முடைய மலையில் தண்ணீர் மேலிருந்து வருகிறது. பீலியில் விழுகிறது, ஓடையாக ஓடுகிறது, ஆறாகிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும். தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அது பஞ்சு போல ஓட்டையும் வெடிப்பும் நிறைந்த கல். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவ மழை அந்தக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதுதான் குடாநாட்டின் குடிநீர், தோட்டத்து நீர், எல்லாம்.

குடாநாட்டைச் சுற்றிக் கடல். நிலத்துக்கு அடியிலும் கடல் நீர் ஊறி நிற்கிறது. மழை நீர் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் உப்பு நீருக்கு மேலே மிதக்கிறது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல் நீர் நன்னீர், ஆழத்து நீர் உவர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்று நிலத்தடி நீர் அறிஞர்கள் கணக்குச் சொல்வார்கள். மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு நாற்பது அடி மேலே ஏறப் பார்க்கும். இப்படி மெல்லிய கணக்கில் வாழும் நிலம் அது.

அந்த நிலத்தில்தான் இலட்சக்கணக்கான மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். எப்படி வாழ்ந்தார்கள்? துலா இருந்தது. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்தியில் தண்ணீர் மாற ஒருவர். ஆட்கள் களைத்துப் போவார்கள். அப்போது கிணறும் ஓய்வெடுத்து ஊறிக்கொள்ளும். குளமும் கேணியும் ஊருக்கு ஊர் இருந்தன. மழை நீர் அங்கே தங்கி மெல்ல நிலத்துக்குள் இறங்கும். வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் தோட்டத்துக்குத் தழை உரம் ஆயின. அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர் யார், அவருக்குக் கிணற்றில் என்ன உரிமை இருந்தது என்பதற்குப் பிறகு வருவோம்.

1950களுக்குப் பிறகு நீர் இறைக்கும் இயந்திரம் பரவியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் போகத்துக்குப் போகம் பயிர் ஏறியது. இரசாயன உரமும் மருந்தும் ஏறின. பயிர் குடித்தது போக மீதி உரம் தண்ணீரோடு கல்லின் வெடிப்பு வழியாகக் கிணற்றுக்குப் போனது. வீடுகளின் மலக்குழிகளும் அதே கல்லில்தான் வெட்டப்பட்டன.

இதன் விளைவுக்கு நைத்திரேற்று என்று பெயர். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும். தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகத்தான் ஆகும்.

இப்போது தலைக் கணக்கைப் பார்ப்போம். 1981 குடிசன மதிப்பீட்டில் இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 7,38,788 பேர் இருந்தார்கள். 2012 மதிப்பீட்டில் அது சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். ஒன்றரை இலட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. யுத்தம் கொன்றது, யுத்தம் ஓட்டியது, வெளிநாடு போனவர்கள் போனார்கள். "சனம் கூடியதால்தான் தண்ணீர் கெட்டது" என்பது முழு உண்மையானால், இந்த முப்பது வருடத்தில் யாழ்ப்பாணத்துக் கிணறுகள் தேறியிருக்க வேண்டுமல்லவா? தேறவில்லை. நைத்திரேற்று நின்றது. உவர் நின்றது. புதிதாக எண்ணெயும் வந்தது.

சுன்னாகத்தில் நடந்ததை நீங்கள் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மின் நிலையம் இருந்த பகுதியைச் சுற்றி வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள், வழக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனியைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. அந்தக் கிணறுகளைக் கெடுத்தது எந்தக் குடும்பத்தின் நான்காவது பிள்ளை? ஒரு பிள்ளையும் இல்லை.

தோழர்களே, எண்ணிக்கைக்கு ஒரு பொருளும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு கிணற்றில் ஐந்து குடும்பம் அள்ளுவதும் ஐம்பது குடும்பம் அள்ளுவதும் ஒன்றல்ல. மழை தருவதற்கு மேல் எடுத்தால் உப்பு வரும். அது கடவுளுக்கும் கம்பனிக்கும் பொதுவான சட்டம். நாம் சொல்வது இதுதான்: தலைகள் குறைந்தபோதும் தண்ணீர் கெட்டதென்றால், தண்ணீரை எடுத்த விதமும், மண்ணில் கொட்டியதும், தட்டிக் கேட்க ஆளில்லாத அதிகாரமும்தான் முதலில் கணக்கில் வர வேண்டும்.

அடுத்த கேள்வி: யாருடைய தண்ணீர்? துலா மிதித்தவர்களுக்கு வருவோம் என்றோமே, அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த கை, அதே கிணற்றில் குடிக்க அள்ளக் கூடாது. யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். தேநீர்க் கடையில் தனிப் பேணி, கோயிலில் வெளி வீதி. இதை எதிர்த்து 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது; பொலிஸார் அடித்தார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. இடதுசாரிகளும் தொழிற்சங்கவாதிகளும் அந்தப் போராட்டங்களில் முன்னணியில் நின்றார்கள். நிலத்தடியில் தண்ணீர் ஒன்றாகத்தான் கிடந்தது. மேலே நின்ற மனிதர்தான் அதற்கு வேலி போட்டார்கள்.

1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து பல்லாயிரம் பேர் உடுத்த உடுப்போடு போனார்கள். பலர் புத்தளத்தில் முகாம்களில் வருடக்கணக்காக வாழ்ந்தார்கள். அதே 1990 இல் வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்காகத் தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. யுத்தம் முடிந்து வருடங்கள் போன பிறகும் முகாமில் கிடந்தவர்களில் கூடுதலானோர் சொந்தக் காணி இல்லாத கூலித் தொழிலாளர்கள். காணி இல்லாதவனுக்குத் திரும்பிப் போக இடம் ஏது?

ஆட்களைத் துரத்திக் கூட்டத்தைக் குறைத்தால் நிலம் செழிக்கும் என்பவர்கள் இந்த இரண்டு கதைகளையும் பார்க்க வேண்டும். ஆள் போன ஊரில் குளத்தைத் துப்புரவாக்க யாரும் இல்லை. கிணறு தூர்ந்தது. வாய்க்கால் மூடிக் காடானது. பலவகை மக்களும் இருந்து, அவரவருக்குக் குரல் இருந்தால்தான் ஒரு ஊரின் தண்ணீருக்குக் காவல் இருக்கும். முஸ்லிம் வியாபாரியும் கடற்றொழிலாளியும் கமக்காரனும் கூலித் தொழிலாளியும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேச முடியாத ஊரில், யார் கூட இறைக்கிறார் என்பதை யார் சொல்வது?

இன்று யாழ்ப்பாணத்தில் இன்னொரு விதமான தலைக் கணக்கும் ஓடுகிறது. 2010 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. 2024 இல் 6. "நமது சனம் குறைகிறது, பெண்கள் கூடப் பிள்ளை பெற வேண்டும்" என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. நமக்கோ இதற்கு நேர் எதிரான அனுபவம். தோட்டத் துறையில் பெண்களுக்கான கருத்தடை ஒப்பரேசன் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதல் என்பதைச் சுகாதாரக் கணக்கெடுப்புகளே காட்டின. காசு கொடுத்து, லீவு கொடுத்து, விளங்கிய மொழியில் விளக்கம் கொடுக்காமல் செய்த காலம் ஒன்று இருந்தது. ஒரு இடத்தில் "குறை" என்கிறார்கள், ஒரு இடத்தில் "கூட்டு" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் பெண்ணிடம் கேட்கவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது என்பதைத் தாயும் தகப்பனும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். கடைசிச் சொல் தாயுடையதாக இருக்க வேண்டும். அதுதான் எமது சங்கத்தின் நிலைப்பாடு.

இப்போது நம் சொந்த பந்தங்களின் கதைக்கு வருவோம். 1977 இலும் 1981 இலும் 1983 இலும் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே போனார்கள். வவுனியாவில், முல்லைத்தீவில், கிளிநொச்சியில் குடியேறினார்கள். பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றும் உங்கள் உறவினர் இருக்கிறார்கள். காட்டை வெட்டிக் காணியாக்கினார்கள். ஆனால் பலருக்குக் கிடைத்தது வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுக் காணி. பக்கத்திலே இரணைமடு என்ற பெரிய குளம். ஆனாலும் தண்ணீர் இவர்கள் காணிக்கு இல்லை.

2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு ஒரு திட்டம் வந்தது. இரணைமடுத் தண்ணீரில் ஒரு பகுதியைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோவது திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். சிறுபோகத்தில் குளத்தின் கீழுள்ள வயல் முழுவதுக்கும் கொடுக்கத் தண்ணீர் போதாது, அதில் இன்னும் பங்கா என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தாய்மார் நைத்திரேற்றுத் தண்ணீரையா பிள்ளைக்குக் கொடுப்பது என்று கேட்டார்கள். இரண்டு கேள்வியும் நியாயம். ஏழைக்கும் ஏழைக்கும் நடுவில் ஒரு குழாயை வைத்து இழுக்க விட்டால் இப்படித்தான் ஆகும். இந்தப் பேச்சிலும் மேட்டுக் காணிக்காரருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

கடைசியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. நல்ல தண்ணீர் வீட்டுக் குழாயில் வருவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். பிரித்தெடுத்த உப்பு நீர் திரும்பக் கடலுக்குப் போகும்போது மீன் வளத்துக்கு என்ன ஆகும் என்று அந்தக் கரையோரத் தொழிலாளர்கள் கவலைப்படுகிறார்கள். அவர்களுக்குப் பதில் கிடைக்க வேண்டும்.

பக்கத்து நாடான மாலைதீவின் தலைநகர் மாலேயைப் பாருங்கள். அங்கும் நிலத்தடியில் மிதக்கும் நன்னீர்தான் இருந்தது. சிறிய தீவில் சனம் நெருங்கி, இறைப்பு மிகுந்து அது கெட்டது. நகரம் முழுவதும் கடல் நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை நம்பி நின்றது. 2014 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குடிநீரின்றி நின்றார்கள்; இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. காலடியில் இருந்த தண்ணீரைக் கைவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது அதன் பாடம். தாளையடி வந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்துக் குளங்களைக் குப்பை போட்டு மூடிவிடக் கூடாது.

தோழர்களே, இதிலிருந்து மலையகத்துக்கு என்ன எடுத்துக்கொள்வது?

நம்முடைய மலைக் காட்டை வெட்டியது நம் சனத்தொகை அல்ல. முதலில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869 இல் இலைத் துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. பிறகு தேயிலைக்காக மேலும் வெட்டினார்கள். வெட்டிய கை நம் மூதாதையர் கை. கட்டளையும் இலாபமும் வேறு இடத்தில். இன்று ஊற்று வற்றினால் "லயத்தில் சனம் கூடிப் போச்சு" என்று நிர்வாகம் சொல்லுமானால், இந்த வரலாற்றை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.

உரத்தைப் பற்றியும் ஒன்று. 2021 ஏப்ரலில் அரசாங்கம் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் விளைச்சல் விழுந்தது. கொழுந்து குறைந்தால் யாருடைய பேர் அரைப் பேராகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நஞ்சைக் குறைக்க வேண்டும் என்பது சரி. அளவாக, படிப்படியாக, மண்ணைப் பரிசோதித்து, தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்காமல் குறைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கும் அதே நியாயம்தான்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த வேலைகளை எடுக்க வேண்டும்.

ஒன்று: உங்கள் டிவிசனில் எத்தனை பீலி, ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பம், எந்த மாதத்தில் வற்றுகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது – உரக் களஞ்சியமா, மருந்து கலக்கும் இடமா, மலக்குழியா, மாட்டுப் பட்டியா – என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தலைக் கணக்கை அவர்கள் வைத்திருக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கை நாம் வைப்போம்.

இரண்டு: காணியில் வீடு வரும்போது சுவரையும் கூரையையும் மட்டும் பார்க்காதீர்கள். மலக்குழி எங்கே, கழிவு நீர் எங்கே போகிறது, கீழே யாருடைய பீலி இருக்கிறது என்று அத்திவாரத்துக்கு முன்பே கேளுங்கள். சரிவு பத்திரமா என்றும் எழுத்தில் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மறக்க வேண்டாம்.

மூன்று: ஊற்றுக்கு மேலே நிற்கும் மரங்களை வெட்ட வந்தால் உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

நான்கு: குடும்பத் திட்டம் சம்பந்தமான எந்தச் சிகிச்சைக்கும் முன்பு தமிழில் விளக்கம் கேளுங்கள். விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். மாதர் சங்கத் தலைவிமார் கூடப் போங்கள்.

ஐந்து: வடக்கில் உள்ள நம் உறவினரின் முகவரிகளைச் சேர்த்துத் தாருங்கள். மேட்டுக் காணிக்குத் தண்ணீரும் காணிக்கு உறுதியும் கேட்டு அவர்கள் எழுப்பும் குரலுக்கு மலையகத்துத் தொழிற்சங்கம் பின்னால் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கூலி விவசாயிகளோடும் கடற்றொழிலாளரோடும் நமக்குச் சண்டை இல்லை. ஒரே தண்ணீரைத்தான் எல்லோரும் கேட்கிறோம்.

நாட்டில் சனம் கூடலாம், குறையலாம். இருக்கும் சனம் எதுவானாலும், எந்தச் சாதியானாலும், எந்த மதமானாலும், ஒவ்வொருவருக்கும் குடிக்கத்தக்க தண்ணீர் ஒரு குடம் கிடைக்கிறதா என்பதே நாம் கேட்கும் கணக்கு. அந்தக் கணக்கு நேராகும்வரை சங்கம் ஓயாது.